பாலில் கொடுத்த மாத்திரை

இதைச் சுலைகா பீவியிடம் முதன்முதலில் சொன்னவள் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் செண்பகவல்லி. சொன்னது போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. மணி எப்படி இவ்வளவு சுத்தமாக நினைவிருக்கிறது என்றால், அந்தப் பெண் பேசப் பேச அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், தலைக்கு மேலே தொங்கிய கடிகாரத்தையே சுலைகா பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு வெள்ளி. அதே கடிகாரம் பதினொன்றைத் தாண்டிவிட்டது. அதே கண்ணாடி ஜன்னல், அதன் கீழே ஒரு கை நுழைகிற ஓட்டை, எதிரே இரும்பு நாற்காலி வரிசை, அவள் கையில் நாற்பத்தேழு என்று எண் போட்ட டோக்கன். உள்ளே எங்கேயோ ஒரு வட்டத் தட்டில் மகன் மீரானின் காலிலிருந்து எடுத்த சீழைத் தடவி மூன்று நாளாக வளர்க்கிறார்கள். வளர்க்கிறது என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளை வளர்ப்பதைப் போல, கோழி வளர்ப்பதைப் போல. வளர்த்து, அதன் மேல் ஒவ்வொரு மருந்தாக வைத்துப் பார்த்து, எதற்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று எழுதித் தருவார்கள். அந்தத் தாளுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் நேற்றே பிரித்துச் சொல்லிவிட்டார். "ஏதாவது ஒரு மருந்து கேக்கும்னு வந்தா, உள்ள இருக்க கம்பிய எடுத்துட்டுக் காலக் காப்பாத்தப் பாக்கலாம்மா. ஒண்ணும் கேக்காதுன்னு வந்தா, முழங்காலுக்குக் கீழ எடுத்துடறதுதான் உயிருக்கு நல்லது." கம்பியையும் எடுப்பதாம், காலையும் எடுப்பதாம். கொடியில் காய்ந்த துணியை எடுப்பதற்கும் அதே சொல். அடுப்பிலிருந்து பாலை இறக்கி எடுப்பதற்கும். பால். இல்லை, அதை நினைக்க வேண்டாம். டோக்கன் எண்ணைப் பார்ப்போம். நாற்பத்தேழு. ஜன்னலுக்கு மேலே சிவப்பாக எரியும் எண் முப்பத்தெட்டு. இன்னும் ஒன்பது பேர். ஒன்பது பேருக்குள் நினைக்காமல் இருந்துவிட முடியுமா?

முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சீழ் எடுத்த குப்பியோடு இதே ஜன்னலில் நின்றபோது, செண்பகவல்லி ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். சின்னப் பெண், முப்பது இருக்காது, மூக்குத்தி போட்ட இடத்தில் முகக்கவசம் புடைத்துக்கொண்டிருந்தது. பேர், வயசு, எப்போது விபத்து, எப்போது கம்பி வைத்தது. மீரான், இருபத்தாறு, நாலு மாதத்துக்கு முந்தி மழையில் பைக் சறுக்கி, என்று சுலைகா ஒவ்வொன்றாகச் சொன்னாள். "புண்ணு சீழ் வச்சப்ப என்ன மாத்திர சாப்பிட்டாங்கம்மா?" மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். காலி அட்டைகளைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை. "எத்தன நாளு?" ஆறு வாரம், காலையிலும் ராத்திரியும், எண்பத்துநாலு மாத்திரை, ஒரு வேளை தப்பவில்லை. இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அதை மறைப்பானேன். பெருமையில்தான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். "பச்சத் தண்ணியில குடுக்க மாட்டேன்மா. சூட்டு மருந்தாச்சே. பாலக் காய்ச்சி ஆத்தி, ஓதி ஊதி, ஒரு தம்ளர் பாலோடதான் குடுப்பேன்." பேனா நின்றது. "பால்லயா? எல்லா வேளையுமா?" எல்லா வேளையும் என்றாள் சுலைகா, இன்னும் பெருமை இறங்காமல். அப்போதுதான் அந்தப் பெண் சொன்னாள். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. பாலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து இந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், ரத்தத்துக்கு முழுசாகப் போகவிடாதாம். "போனது அரகொறையாத்தான் போயிருக்கும்மா. மருந்து முழுசாப் பட்டா கிருமி சாவும். கொஞ்சமாப் பட்டா சாவாது, உசாராயிரும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கொழகொழன்னு ஒரு படலத்தக் கட்டி அதுக்குள்ள போயி உக்காந்துக்கிடும். அதுவும் காலுக்குள்ள கம்பி வேற இருக்கா, ஒட்டிக்கிட வசதியாப் போச்சு. அந்தப் படலத்துக்குள்ள இருக்கிறத அப்புறம் எந்த மருந்தும் லேசுல தொட முடியாது." கடிகாரம் பத்தேகால். சின்ன முள் பத்தைத் தாண்டி ஒரு நூல் தள்ளி நின்றது. "உங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்று கேட்டாள். யார் சொன்னார்கள்? மருந்துக் கடைக்காரர் உறையின் மேல் காலைக்கு ஒரு கோடும் ராத்திரிக்கு ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். சூடு பண்ணும், குளிர்ச்சியாச் சாப்பிடச் சொல்லுங்க என்றார். அவர் நல்ல மனிதர்தான், சில்லறை இல்லை என்றால் நாளைக்குக் கொடுங்கள் என்பார். குளிர்ச்சி என்றால் பால்தானே. இதில் யார் மேல் குற்றம் சொல்ல.

எதையும் தணித்துத்தான் கொடுப்பாள், அது அவள் பிறவிக் குணம். மூன்று பேர் சாப்பிடுகிற குழம்பில் ஒரு மிளகாயைக் குறைத்து ஒரு கை தேங்காய்ப்பாலைக் கூட்டுவாள். ரசத்தை ஆற்றி, கஞ்சியைக் குழைத்து, கெட்ட சேதியை நாலு நல்ல சேதிக்கு நடுவில் வைத்து. மீரானின் வாப்பா இருந்த காலத்தில் பையனை அடிக்கக் கையை ஓங்குவார், இவள் நடுவில் போய் நிற்பாள், அடி பாதி இவள் தோளில் பாதி அவன் முதுகில் விழும். "நீ இப்படி நடுவுல விழுந்து விழுந்துதான் அவன் ஒண்ணுக்கும் பயப்படாமத் திரியுதான்" என்பார் அவர். பாதி அடி. பாதி மருந்து. சாகிற அளவுக்கு இல்லாமல் உசாராகிற அளவுக்கு. அவர் மௌத்தாகி நாலு வருசம் ஆகிறது, இப்போது இருந்தால் இதைச் சொல்லிக் காட்டியிருப்பாரா, இல்லை, மாட்டார், காட்டியிருக்க மாட்டார், வெளியே போய் நின்றுகொள்வார். அது இன்னும் மோசம். காலையில் பாத்திரத்தில் பால் பொங்கி எழும்போது அவள் பிஸ்மில்லா சொல்லி அடுப்பைக் குறைப்பாள். இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றுவாள். ஏடு படிந்தால் எடுத்துவிடாமல் விடுவாள், மீரானுக்குச் சின்ன வயசிலிருந்தே ஏடு பிடிக்கும். பிறகு தம்ளரை வாய்க்கு அருகே பிடித்து அல்ஹம்து சூரா ஏழு தடவை ஓதி, பாலின் மேல் மெதுவாக ஊதுவாள். ஏடு ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருங்கும். யா அல்லாஹ், ஷிபாவைக் கொடு. என் பிள்ளைக்குச் சுகத்தைக் கொடு. பிறகு மகனிடம் நீட்டுவாள்: இந்தா வாப்பா, மூச்சு விடாமக் குடி. எண்பத்துநாலு தடவை. எண்பத்துநாலு தடவையும் அவள் மூச்சு அந்தப் பாலின் மேல் பட்டது. துஆ ஏறியதா ஏறவில்லையா, அதை ஆண்டவன்தான் அறிவான். ஆனால் துஆவைச் சுமந்துகொண்டு போனதும் பால்தான், மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டதும் அதே பால்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த இடத்தில் வந்து அவள் நினைப்பு முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நிற்கிறது. இழுத்தால் கிழியும், இழுக்காமலும் இருக்க முடியவில்லை. ஓதியது தப்பில்லை. பால் தப்பு. பாலும் தப்பில்லை, பாலோடு மாத்திரை தப்பு. அப்படியென்றால் இரண்டு மணி நேரம் முந்திப் பிந்திக் கொடுத்திருந்தால் போதுமா? போதுமாம், செண்பகவல்லியே சொன்னாள். இரண்டு மணி நேரம். பாலை எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டு மாத்திரையைப் பத்து மணிக்குக் கொடுத்திருந்தால், இந்நேரம் அவன் பஜார் பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகைக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கக் குளித்துக்கொண்டிருப்பான்.

நாற்பது. இரண்டு எண் நகர்ந்திருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் பெயர் சுடலைமுத்து என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மனைவியின் சர்க்கரை ரிப்போர்ட்டுக்கு வந்தவர், டோக்கன் ஐம்பத்தொன்று. "இவங்க கூப்பிடுத வேகத்துல, வளத்த கிருமியே வயசாகிச் செத்துரும் போலிருக்கே" என்று ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல், "அண்ணாச்சி, உங்க சம்சாரத்துக்குச் சர்க்கரதான், கிருமி இல்ல. உக்காருங்க" என்றது. வரிசை முழுவதும் சிரித்தது. சுலைகாவும் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று உடனே உதட்டை மடித்துக்கொண்டாள். சுடலைமுத்து விடவில்லை. "நான் கீழ போயி டீ வாங்கிட்டு வாரேன், உங்களுக்கும் ஒண்ணு வாங்கவாம்மா? மூஞ்சி வாடிப் போயிருக்கே. பால் டீயா, வெறும் டீயா?" அவள் தலையை ஆட்டினாள். "பால் வேண்டாம்ண்ணே. ஒண்ணுமே வேண்டாம்." என்ன கேட்டார், என்ன சொன்னோம், ஒரு டீக்குப் போய் இப்படியா? அவர் போன பிறகு, துடைத்த நடைபாதையின் பினாயில் வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு மீரான் நினைப்பில் வந்தான். ஏசி மெக்கானிக் வேலை அவனுக்கு. மூன்றாம் மாடிச் சுவரில் ஒற்றைக் காலை ஒரு திட்டில் ஊன்றி, மற்றக் காலைக் காற்றில் விட்டுத் தொங்கிக்கொண்டு வேலை செய்வான், இவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள், பார்த்ததிலிருந்து அவன் வேலைக்குப் போகும் நாளெல்லாம் ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுத்தான் சோறு ஆக்குவாள். போன கோடையில் ஒரு நாள் சட்டையெல்லாம் கறையாகி வந்தான். வாளியில் கையை விட்டுக் கழுவிக்கொண்டே சொன்னான். "உம்மா, ஏசிக்குள்ள தண்ணி வடியுத தட்டுல ஜெல்லி மாதிரி ஒண்ணு கட்டிக்கிடுது பாத்துக்கோ. வீட்டுக்காரங்க என்ன செய்யுதாங்கன்னா, கொஞ்சூண்டு பினாயில ஊத்திட்டுச் சுத்தமாயிட்டுன்னு நெனைக்கிறாங்க. மேல இருக்கது போகும், அடியில இருக்கது இன்னும் தடிச்சிக்கிட்டு வரும். கையால சொரண்டி எடுத்தாத்தான் உண்டு. சில தட்டுல சொரண்டவும் முடியாது, தட்டையே கழட்டிப் போட்டுட்டு வேற மாத்த வேண்டியதுதான்." அவள் அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்படியா வாப்பா, சோறு போடட்டுமா என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவன் வாயாலேயே சொன்னான். தட்டையே கழற்றிப் போட்டுவிட்டு. கால் என்ன தட்டா? வேறு எங்கிருந்து மாற்ற?

அந்தக் கிருமிகள் எப்படி இருக்கும்? கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தது, கம்பளிப்பூச்சி மாதிரி. அதற்குமேல் அவள் படிக்கவில்லை, அந்த வருசமே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவையும் ஆண்டவன் படைப்புத்தானே. பாலில் நனைந்து பலமிழந்து வந்த மருந்து லேசாகத் தொட்டதும் பயந்திருக்கும். பயந்ததுகள் என்ன செய்யும்? ஒன்றையொன்று இழுத்து அணைத்துக்கொள்ளும், மேலே போர்த்திக்கொள்ளும். மழையில் கூரை ஒழுகிய ஒரு காலத்தில் மகள் பல்கீஸையும் மீரானையும் இரண்டு பக்கமும் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போர்த்தி அவள் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். அதேதான். அதே வேலையை அவன் எலும்புக்குப் பக்கத்தில் அவைகள் செய்கின்றன. பரிதாபம் வருகிறது, வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிடுகிறாள். சீ, என் பிள்ளையைத் தின்கிறதுகளுக்கா? கட்டுப் பிரித்த துணியில் பச்சையாக ஒரு கறை இருக்கும். அழுகின வாடை அடிக்காது. கனிந்த திராட்சை மாதிரி ஒரு வாடை. துர்வாடை இல்லையே, புண் ஆறுகிறது போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு நாள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். அதைச் சொன்ன நாக்கு இப்போது வாய்க்குள் கனக்கிறது. மூன்று நாளாகத் தொழுகிறாள், ஒரு வக்து விடவில்லை, ஆனால் தொழுது முடித்துக் கையை ஏந்தினால் ஒன்றும் கேட்க வரவில்லை. கையைக் கையாகவே பார்த்துவிட்டு முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிடுகிறாள். என்ன கேட்பது? எண்பத்துநாலு தடவை கேட்டாயிற்றே. கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த பல்கீஸ் தினமும் போனில் கேட்கிறாள். "உம்மா, துஆ செய்யுதியா?" செய்கிறேன் என்கிறாள். பல்கீஸிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று, "மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தானே சாப்பிட்டது?" என்று கேட்டபோது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அதற்குள் மீரான் முந்திக்கொண்டான். "சார், எங்க உம்மாவப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நான் தூங்குனாக்கூட எழுப்பி வாயில போட்டுருவாங்க. ஒரு வேள தப்பாது." சொல்லிவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தான். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போய், பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. டாக்டர் சரி என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த 'சரி'யை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். திருடின பொருளை மடியில் கட்டிக்கொண்டதுபோல இரண்டு நாளாக அதோடு நடக்கிறாள். இன்று இரண்டு மணிக்கு டாக்டர் மறுபடி வருவார், ரிப்போர்ட்டைப் பார்ப்பார், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி ஆகிவிட்டதே என்பார், மீரானும் நம்புவான். வாழ்நாள் முழுக்க நம்புவான். மரக்காலை மாட்டும்போதெல்லாம், எங்க உம்மா ஒரு வேளை தப்பவிடலை, ஆண்டவன் நாட்டம் இப்படி இருந்திருக்கு என்று நாலு பேரிடம் சொல்வான். அவள் அதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சோறு போட்டுக்கொண்டே கேட்க வேண்டும். சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான் பயம். வாப்பாவைப் போல வெளியே எழுந்து போய் நிற்கவும் அவனுக்குக் கால் இருக்காது.

நாற்பத்தாறு. அடுத்தது அவள்தான். எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னலுக்குப் போனாள். நாற்பத்தேழு என்று சிவப்பு எண் மாறியது, ஆனால் ஓட்டையின் வழியாகத் தாள் வரவில்லை. பக்கவாட்டில் இருந்த கதவு திறந்தது. செண்பகவல்லியே தாளோடு வெளியே வந்தாள். முகக்கவசத்தைக் கீழே இறக்கியிருந்தாள். மற்றவர்களுக்கு ஓட்டை, நமக்கு மட்டும் கதவு. அந்த இடத்திலேயே சுலைகாவுக்குத் தெரிந்துவிட்டது, பிறகு தாள் எதற்கு? இருந்தாலும் வாங்கிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த நாளில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் எழுத்து கொஞ்சம் தெரியும். ஆர் என்றால் அந்த மருந்து கேட்காது, எஸ் என்றால் கேட்கும் என்று செவ்வாய்க்கிழமை இந்தப் பெண்தான் சொல்லியிருந்தாள். விரலை வைத்துக்கொண்டு மேலேயிருந்து வந்தாள். ஆர். ஆர். ஆர். தஸ்பீஹ் மணி உருட்டுகிறமாதிரி விரல் தானாக இறங்கியது. கடைசிக்கு ஒன்று முந்தி ஓர் எஸ். விரல் அதிலேயே நின்றது. "இது இருக்கே தாயீ? இது கேக்கும்லா?" செண்பகவல்லி அவள் விரலைப் பார்த்தாள். "அது ஊசி மருந்தும்மா. தட்டுல தனித்தனியா வளந்த கிருமிக்குக் கேக்குது. ஆனா கம்பியில ஒட்டியிருக்க படலத்துக்குள்ள… அதுக்குள்ள அது போறது ரொம்பக் கஷ்டம். நேத்து ஸ்கேன்ல எலும்புக்குள்ளயும் பரவியிருக்குன்னு பாத்துட்டாங்க. டாக்டர்தான் முடிவு சொல்லணும். எங்கிட்ட கேக்காதீங்க." அவளுடைய கண் ஓரம் சிவந்திருந்தது. சுலைகா அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் வருத்தப்பட்டாள். சின்னப் பிள்ளை, தினம் எத்தனை பேருக்கு இப்படிக் கதவைத் திறந்து வரவேண்டியிருக்கும். "ஒண்ணு மட்டும் சொல்லு. நாந்தானே? நான் பால்ல குடுத்ததுதானே?" செண்பகவல்லி பின்னால் திறந்திருந்த கதவைச் சாத்தினாள். வரிசையில் யாரோ இருமினார்கள். "பாலே குடிக்காதவங்களுக்கும் இப்படி வந்திருக்கும்மா. அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது." கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதனால வரலைன்னும் என்னால சொல்ல முடியாது. பொய் சொல்லணும்னா சொல்லலாம், நீங்க நம்ப மாட்டீங்க." நம்ப மாட்டாள். இந்தப் பெண் தணித்துக் கொடுக்கிறவள் இல்லை. முழுசாகக் கொடுக்கிறவள். முழுசாகப் பட்டதும் சுலைகாவுக்குள் ஏதோ ஒன்று படபடப்பதை நிறுத்தியது. ஆறுதல் இல்லை அது, வலியும் இல்லை, வெறும் தரை. தரையில் நின்றால் அடுத்த அடி எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும். மேல்மாடியில் வார்டு, ஜன்னலோரம் நாலாவது கட்டில். இரண்டு மணிக்கு டாக்டர் வந்து அவன் காதில் ஒரு 'சரி'யைப் போட்டுவிட்டால் அப்புறம் அதைப் பிடுங்க முடியாது. அதற்கு முன்னால் போக வேண்டும். படி ஏற வேண்டும், கட்டில் விளிம்பில் உட்கார வேண்டும், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நாலு நல்ல சேதிக்கு நடுவில் வைக்காமல். தனியாகப் போனால் பாதியில் நிறுத்திவிடுவாள். பாதியில் நிறுத்திவிட்டு, சோறு சாப்பிட்டியா வாப்பா என்று கேட்டுவிடுவாள், தன்னை அவளுக்குத் தெரியும். தாளை நாலாக மடித்தாள். மடித்த தாளோடு அந்தப் பெண்ணின் கையுறை போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயீ, எம் மவன்ட்ட நானே சொல்லணும். அவன் ஏதாவது கேட்டா வெவரம் சொல்ல எனக்குப் படிப்பில்ல. உனக்குச் சாப்பாட்டு நேரந்தானே, ஒரு அஞ்சு நிமிசம் எங்கூட மேல வாறியா? நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னாப் போதும்."